கேட்டலும் வினாவலும்: யாழ்ப்பாணத்துச் சபைகளின் மரபு

மக்கள் ஓரிடத்திற் கூடியிருந்து கடவுளைப் பற்றியும் உயிரைப் பற்றியும் தாம் வாழும் சமுதாயத்தின் நிலையைப் பற்றியும் உரையாடுதல் தமிழர்க்குப் புதிய வழக்கமன்று. மணிமேகலையின் முதற் காதையாகிய விழாவறை காதையில், காவிரிப்பூம்பட்டினத்து இந்திர விழாவை அறிவிக்கும் முரசறைவோன், வீதிகளை அலங்கரிக்குமாறு நகர மாந்தரை வேண்டுவதோடு அமைந்தானல்லன். தத்தம் சமயப் பொருளை நிலைநாட்ட வல்ல வாதிகள் பட்டிமண்டபத்தில் ஏறுமாறும் அவன் அழைக்கின்றான். தோரணமும் கொடியும் விழாவுக்கு எவ்வாறு உறுப்போ, அவ்வாறே வாதமும் உறுப்பாக எண்ணப்பட்டது. அந்நூலின் பிற்பகுதியில், மணிமேகலை வஞ்சி மாநகரிற் பல சமயத்து ஆசிரியரையும் ஒருவர்பின் ஒருவராக அணுகி, அவரவர் கொள்கையை அவரவர் வாயாற் கூறக் கேட்கின்றாள். கேட்டறிந்த பின்னரே தனக்குரிய நெறியைத் துணிகின்றாள்.

இத்தகைய கூட்டங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் எவ்வெவ் வடிவம் பூண்டு வளர்ந்தன, அவற்றால் விளைந்த நன்மை யாது, குறை யாது என்பவற்றைச் சுருக்கமாக ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம். ஆராய்ச்சிக்கு இரண்டு வினாக்களை அளவுகோலாகக் கொள்வோம். சபையில் அமர்வதற்கு உரியோராய்க் கருதப்பட்டவர் யாவர் என்பது ஒன்று. அமர்ந்தவருள் வினாவுதற்கு உரிமை பெற்றவர் யாவர் என்பது மற்றொன்று. பேசியவரின் நாவன்மையைப் போற்றுவது நம் வழக்கம். ஆயின் ஒரு சபையின் தகுதி, இவ்விரு வினாக்களுக்கும் அது தரும் விடையிலேயே புலப்படும்.

முன்னோர் வகுத்த நெறி

ஞானநெறியிற் செல்வார்க்குக் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடல் என நான்கு படிகளைச் சைவ சித்தாந்தம் வகுத்துள்ளது. கேட்டல் அவற்றுள் முதற்படி. கேட்டதனை உள்ளத்தில் வைத்து ஐயுற்று ஆராய்தல் சிந்தித்தல். ஐயம் நீங்கி உண்மை காண்டல் தெளிதல். ஐயுறாதவன் இரண்டாம் படியில் ஏறியவனல்லன். இரண்டாம் படியில் ஏறாதவனுக்கு மூன்றாம் படி எட்டுவதன்று. ஆகவே வினாவுதலை அவையடக்கமின்மையாகக் கருதுவோர், தம் சமய நூல் வகுத்த படிமுறையையே மறந்தோராவர்.

நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவரும் இதனையே கல்வியிலக்கணமாக வைத்துக் கணக்கிட்டுக் காட்டினார். ஆசிரியர் உரைத்ததைக் குறைவறக் கொண்ட மாணாக்கன் அடைவது புலமையிற் காற்கூறு. உடன் பயில்வாரோடு பழகி ஆராய்வதால் இன்னொரு காற்கூறு கைகூடும். எஞ்சிய அரைக்கூறு, கற்றதனைத் தான் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே நிரம்பும். ஒருவர் ஒன்றரை மணிநேரம் பேச, முந்நூறு பேர் வாய்திறவாதிருந்து கேட்டுக் கலைவராயின், முனிவரின் கணக்குப்படி அம்முந்நூற்றுவரும் பெற்றது காற்கூறே. அரைக்கூற்றைப் பெற்றவர் பேசியவர் ஒருவர்தாம்.

உரையாடலின் தரத்தையும் நம் முன்னோர் பகுத்தறிந்தனர். தருக்க நூலார் கூறும் வகை மூன்று. உண்மை காணும் விருப்பத்தால் இருவர் தத்தம் கொள்கையை நாட்டிப் பேசுவது வாதம். வெற்றி ஒன்றையே குறியாகக் கொண்டு பேசுவது சற்பம். தனக்கென ஒரு கொள்கையை நாட்டாது, பிறன் கூறியதனைத் தகர்ப்பதே தொழிலாகப் பேசுவது விதண்டை. இம்மூன்றும் புறத்தே ஒரே தோற்றமுடையன. கேட்போர் இவற்றை வேறுபடுத்தி அறியாவிடின், உரத்த குரலுக்கே வெற்றிமாலை சூட்டப்படும்.

வாதத்தின் நேர்மைக்கு நம் நூல்கள் கண்ட காவல், எதிரியின் கொள்கையை முதலில் எடுத்துக் கூறுதல். இதனைப் பூர்வபட்சம் என்பர். பதின்மூன்றாம் நூற்றாண்டினராகிய அருணந்தி சிவாசாரியர், தம் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என இரண்டாகப் பகுத்தார். பரபக்கத்தில் உலகாயதம் முதலாகப் பதினான்கு கொள்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துரைத்த பின்னரே மறுக்கின்றார். கடவுளும் இல்லை, மறுபிறப்பும் இல்லை எனச் சாதிக்கும் உலகாயதனின் குரல் சைவ நூலொன்றின் உள்ளேயே தடையின்றி ஒலிக்கின்றது. தன் பகைவனுக்கும் தன் நூலில் இருக்கை அளித்த மரபு நம்முடையது.

இம்மரபில் யாழ்ப்பாணத்துக்கும் பங்குண்டு. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிற் பிறந்து சிதம்பரத்தில் வாழ்ந்த ஞானப்பிரகாச முனிவர், பதினேழாம் நூற்றாண்டில் அச்சித்தியாரின் சுபக்கத்துக்கு உரை கண்டார். அவ்வுரை சிவசமவாதச் சார்புடையது எனக் கொண்டு, திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் அடுத்த நூற்றாண்டில் மறுப்பு நூல் எழுதினார். ஒரே சமயத்துள், ஒரே நூலின் பொருள் பற்றி, நூறாண்டு இடையிட்டும் வாதம் நிகழ்ந்தது. அதனாற் சைவம் தேய்ந்ததில்லை. அதன் உரைவளம் பெருகியது.

புராண படனம்

குடாநாட்டுக் கிராமங்களில் மிகப் பழமையான சபை எனத்தக்கது புராண படனமே. கோயில் மண்டபத்தில் ஏட்டையோ நூலையோ பீடத்தில் வைத்து வழிபட்ட பின், ஒருவர் செய்யுளை இராகத்தோடு படிப்பார். மற்றொருவர் பதம் பிரித்துப் பயன் சொல்லுவார். கச்சியப்ப சிவாசாரியரின் கந்தபுராணம் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுட்களை உடையதாதலின், படனம் பல வாரங்கள் தொடரும். பெரியபுராணமும் திருவாதவூரடிகள் புராணமும் இவ்வாறே படிக்கப்பட்டன. யாழ்ப்பாணத்து வாழ்க்கை முறையையே கந்தபுராண கலாசாரம் எனப் பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை பெயரிட்டு அழைத்தமை இதனாலாயிற்று.

இப்படனத்தின் பயன் பெரிது. எழுத்தறியாத கமக்காரனும் கடற்றொழிலாளியும், செந்தமிழ்ச் செய்யுளின் பதவுரையையும் தத்துவப் பொருளையும் செவிவழியாகவே பெற்றனர். சூரபன்மனின் வரலாற்றைக் கேட்டவன், ஆணவம் என்னும் சொல்லுக்கு அகராதியைத் தேடவேண்டியதில்லை. படிப்பவர் பதத்தைப் பிழைபடப் பிரித்தால், பயன் சொல்பவர் திருத்துவார். அவர் தடுமாறினால், சபையிலுள்ள கற்றோர் எடுத்துக்கொடுப்பர். ஆகவே அங்கே ஓரளவு உரையாடலும் இருந்தது.

எனினும் நாம் கொண்ட அளவுகோலால் அளக்கும்போது இரண்டு குறைகள் தோன்றுகின்றன. திருத்தும் உரிமை கற்றார் சிலருக்கே உரியதாயிருந்தது; ஏனையோர் தலையசைப்போராகவே இருந்தனர். அதனினும் பெரிய குறை மற்றொன்று. குடாநாட்டுக் கோயில்கள் பலவற்றின் உள்ளே செல்வதற்குத் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு உரிமை மறுக்கப்பட்டிருந்தது. கோயிலுக்குள்ளே நடந்த படனத்தை அவர்கள் வெளியே நின்றே கேட்க முடிந்தது. வேடர் குலத்து வள்ளியம்மையை முருகன் மணந்த படலத்திற்குப் பயன் சொல்லப்படும்போதும், மதிலுக்குப் புறத்தே நின்று அதனைக் கேட்டவர் உண்டு. நூல் கூறிய பொருளும் சபை அமைந்த முறையும் ஒன்றையொன்று மறுத்தன. அம்முரண்பாட்டை எழுந்து நின்று வினாவ வல்லவர் எவரோ, அவரே சபைக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தார்.

வெள்ளிக்கிழமைப் பிரசங்கம்

1816ஆம் ஆண்டில் அமெரிக்க மிசனரிமார் குடாநாட்டிற் பணி தொடங்கினர். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியும் 1841இல் உதயதாரகைப் பத்திரிகையும் தோன்றின. பாடசாலையும் அச்சு இயந்திரமும் பிரசங்க மேடையும் ஒருங்கே கொண்ட இம்முயற்சிக்கு, புராண படனம் மட்டும் போதிய விடையாகாது என்பதை நல்லூர் ஆறுமுக நாவலர் உணர்ந்தார். 1847ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 31ஆம் திகதி, வெள்ளிக்கிழமையன்று, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவர் தம் பிரசங்கத்தைத் தொடங்கினார். வெள்ளிக்கிழமைதோறும் அது தொடர்ந்தது. அவருடன் கார்த்திகேசையரும் பிரசங்கம் செய்தார். மறு ஆண்டில் அவ்வூரிலே சைவப்பிரகாச வித்தியாசாலை நிறுவப்பட்டது.

செய்யுளுக்குக் கட்டுப்பட்டு நின்ற சமயப் பேச்சு, இப்பிரசங்கத்தில் உரைநடைக்கு மாறியது. புராணத்தின் வரிசைப்படி செல்லவேண்டிய கட்டாயம் நீங்கியது. சிவபத்தி, தீட்சை, ஆலய வழிபாடு, கொலை, கள், ஊனுணல் என வாழ்க்கைக்கு வேண்டிய பொருளை வேண்டியபோது எடுத்துப் பேசும் வழி பிறந்தது. தமிழ் மேடைப்பேச்சின் வரலாற்றில் இது ஒரு திருப்பமாகும்.

நாவலரிடம் நாம் கற்கவேண்டிய மற்றொன்று உண்டு. பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து விவிலியத்தைத் தமிழாக்கும் பணியில் அவர் உழைத்தவர். ஆதலால் 1854இல் வெளிவந்த சைவதூஷண பரிகாரத்தில், சைவர் மீது கூறப்பட்ட குற்றங்களுக்கு விவிலியத்தின் பகுதிகளையே எடுத்துக்காட்டி விடை கூற அவரால் முடிந்தது. எதிரியின் நூலை எதிரியைப் போலவே கற்றபின் விடையிறுத்தல், அருணந்தி சிவாசாரியரின் பரபக்க நெறியே. இக்காலத்தில் பிற சமயத்தைக் கண்டிக்கப் புறப்படுவோர் பலர் அச்சமயத்து நூலில் ஒரு பக்கமும் வாசியாதவர்.

ஆயினும் பிரசங்கம் என்னும் வடிவம் ஒருவழிப் பாதை. சொல்பவர் ஒருவர், கேட்பவர் பலர். நாவலரின் ஆற்றலும் துறவும் கற்பும் நிறைந்த பேச்சில் இது குறையாகத் தோன்றவில்லை. பின்வந்தோரிடம் ஆற்றல் குறைந்தபோது, வடிவத்தின் குறை வெளிப்பட்டது. மேலும், சாதியாசாரத்தைப் பேணுவதில் நாவலர் தம் காலத்து உயர்குலத்தாரின் நிலைப்பாட்டையே கொண்டிருந்தார் என்பதை மறைத்தல் வரலாற்றுக்குப் பொருந்தாது. சபையில் அமர்வதற்கு உரியவர் யாவர் என்னும் வினா அவர் மேடையில் எழவில்லை.

பிரசங்க மரபின் மற்றொரு நிகழ்ச்சியும் நினைக்கத்தக்கது. 1897ஆம் ஆண்டு சனவரியில் சுவாமி விவேகானந்தர் யாழ்ப்பாணம் வந்து, இந்துக் கல்லூரியில் வேதாந்தம் பற்றிப் பேசினார். சித்தாந்தமே சைவரின் உயிர்நிலை எனக் கொண்ட ஊரில் வேதாந்த விரிவுரைக்கு வரவேற்புக் கிடைத்தது. தம் கொள்கையில் உறுதியுடையோர் பிறர் கொள்கையைக் கேட்க அஞ்சார் என்பதற்கு இஃது ஒரு சான்று.

சமய வாதம் சற்பமாக மாறுவது எவ்வாறு என்பதற்கும் இலங்கையிலேயே எடுத்துக்காட்டு உண்டு. 1873ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் பாணந்துறையில், மிகெட்டுவத்தே குணானந்த தேரருக்கும் டேவிட் டி சில்வா முதலிய கிறித்தவப் போதகருக்கும் இடையே இரு நாட்கள் பெருவாதம் நிகழ்ந்தது. பௌத்த மறுமலர்ச்சிக்கு அது ஊக்கமளித்தது என்பது உண்மை. ஆயினும் ஆயிரக்கணக்கானோர் திரண்ட அக்களத்தில் எத்தரப்பினரும் மறுதரப்பினரால் தெளிவு பெற்றுச் சென்றதாகச் சொல்வதற்கில்லை. வெற்றியை நாடிக் கூடிய சபை வெற்றியையே பெறும். தெளிவை நாடிக் கூடிய சபையே தெளிவைப் பெறும்.

இளைஞர் காங்கிரஸ்

அமர்வதற்கு உரியவர் யாவர் என்னும் வினாவை யாழ்ப்பாணத்தில் வெளிப்படையாக எழுப்பிய பெருஞ்சபை, 1924ஆம் ஆண்டு டிசெம்பரில் மாணவர் காங்கிரஸாகத் தோன்றிப் பின்னர் யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்ற அமைப்பாகும். ஆசிரியராகிய ஹண்டி பேரின்பநாயகம் அதன் முதல்வருள் தலையாயவர். சைவரும் கிறித்தவரும் அதில் வேற்றுமையின்றி அமர்ந்தனர். தாய்மொழிக் கல்வி, தீண்டாமை ஒழிப்பு, இனங்களின் ஒற்றுமை, நாட்டு விடுதலை ஆகியன அதன் ஆண்டு மகாநாடுகளில் ஆராயப்பட்டன. அதன் அழைப்பை ஏற்று 1927ஆம் ஆண்டு நவம்பரில் மகாத்மா காந்தி யாழ்ப்பாணம் வந்தார். தீண்டாமையையும் மதுவையும் விலக்குமாறு வேண்டினார்.

அக்காலத்தில் சமூகம் பற்றிப் பேசுதல் எளிதன்று. பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் அமரவேண்டும் என்னும் சம ஆசன ஏற்பாடு 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் நடைமுறைக்கு வந்தபோது, அதனை எதிர்த்தோர் சில பாடசாலைகளுக்குத் தீ வைத்தனர். பிள்ளைகள் அமரும் வாங்குக்காகப் பாடசாலையையே எரிக்கத் துணிந்த சமுதாயத்தில், சமபந்தி போசனத்தையும் சம ஆசனத்தையும் தீர்மானமாக நிறைவேற்றிய இளைஞரின் துணிவு சிறிதன்று.

அக்காங்கிரஸின் உரையாடல் செயலாகவும் மாறியது. டொனமூர் அரசியல் திட்டம் பூரண சுயராச்சியம் தரவில்லை என்னும் காரணத்தால், 1931ஆம் ஆண்டு அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்குமாறு அது வேண்டியது. குடாநாட்டின் நான்கு தொகுதிகளிலும் வேட்பாளர் எவரும் நிற்கவில்லை. அம்முடிவு நன்மை பயந்ததா, தமிழருக்குத் தீங்காயிற்றா என்பது பற்றி வரலாற்றாசிரியரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது எவ்வாறாயினும், கூடிப் பேசுதல் வெறும் பொழுதுபோக்கன்று என்பதையும், பேசியதன் விளைவை ஊரவர் யாவரும் சுமக்க நேரும் என்பதையும் அந்நிகழ்ச்சி உணர்த்தியது. விளைவு பெரிதாகுமிடத்து, மறுப்புரைக்கு அளிக்கும் நேரமும் பெரிதாக வேண்டும்.

சபையின் கதவு அகலுதல் உலகெங்கும் படிப்படியாகவே நிகழ்ந்துள்ளது. அக்பர் சக்கரவர்த்தி 1575ஆம் ஆண்டில் பத்தேப்பூர் சிக்ரியில் இபாதத்கானா என்னும் உரையாடல் மண்டபம் அமைத்தபோது, முதலில் இசுலாமிய அறிஞருக்கே அங்கு இடமிருந்தது. பின்னரே அந்தணரும் சமணரும் பாரசீகரும் கிறித்தவத் துறவிகளும் அழைக்கப்பட்டனர். யாழ்ப்பாணத்திலும் சட்டமும் போராட்டமும் கதவைத் தள்ளவேண்டியிருந்தது. 1957ஆம் ஆண்டில் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. 1968ஆம் ஆண்டில் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது. சட்டம் வந்து பதினோராண்டு கழித்தும் வாயிலிற் போராட நேர்ந்தமை, மனத்தின் கதவு சட்டத்துக்குப் பின்னரும் மெல்லவே திறக்கும் என்பதைக் காட்டுகின்றது.

வாசிகசாலை வாங்கு

பெருஞ்சபைகளை நோக்கிய நாம் சிறுசபைகளையும் நோக்குதல் வேண்டும். தேர்முட்டிப் படி, மதகுக் கட்டு, ஆலமரத்தடி, மடம் ஆகியன மாலைநேரத்து உரையாடற் களங்களாக இருந்து வந்துள்ளன. இருபதாம் நூற்றாண்டில் அவற்றோடு வாசிகசாலை சேர்ந்தது. பல ஊர்களில் அதுவே சனசமூக நிலையமாக வளர்ந்தது. நீண்ட மேசை, இரு பக்கமும் வாங்கு, மேசைமேல் அன்றைய பத்திரிகைகள். அதன் அமைப்பு இவ்வளவே. பத்திரிகையை ஒருவர் உரக்க வாசிக்க, எழுத்தறியாதவர் கேட்டு அபிப்பிராயம் சொல்லுவர். மேடை இல்லாமையால் மேலோர் கீழோர் என்னும் பிரிவு அங்கே குறைவு. இடையில் தோன்றிய ஐயத்தை இடையிலேயே கேட்கலாம்.

இத்தகைய இடத்தில் எழும் வினாவின் தரத்துக்கு ஓர் எடுத்துக்காட்டுத் தரலாம். யான் ஆசிரியப் பணி புரிந்த ஒரு கிராமத்து வாசிகசாலையில், ஆணவ மலம் உயிரை அநாதியே பற்றியிருத்தலைப் பண்டிதர் ஒருவர் விளக்கினார். செம்பிற் களிம்பு போலவும், நெல்லில் உமி போலவும் என இரு உவமைகளையும் அவர் கூறினார். கூட்டம் முடியும் வேளையில் வயோதிபக் கமக்காரர் ஒருவர் எழுந்து, “ஐயா, செம்பைத் துலக்கினால் நாலு நாளையிற் களிம்பு திரும்பவும் பிடிக்கும். நெல்லைக் குத்தி உமியைப் போக்கினால் திரும்ப வராது. அந்த அரிசி முளைக்கவும் மாட்டாது. முத்தி பெற்ற உயிர் செம்போ, அரிசியோ?” என்று வினாவினார்.

பண்டிதர் சிறிது நேரம் மௌனமாயிருந்தார். பின்னர் மகிழ்ச்சியோடு விடை கூறலானார். துலக்கிய செம்பு, முயற்சியாற் சிறிது தூய்மை பெற்றும் மீண்டும் மலத்தின் வயப்படும் உயிருக்கு ஒப்பு. இரசகுளிகை பட்டுப் பொன்னான செம்பிற் களிம்பு மீளாது என நூல்கள் கூறுவது, திருவருள் பதிந்த உயிரின் நிலை. உமி நீங்கிய அரிசி முளையாமை, பிறவி மீளாமைக்கு ஒப்பு. எனினும் மலம் அழிந்தொழிவதில்லை, அதன் சத்தியே மடங்குகின்றது என்பது சித்தாந்தத் துணிபாதலின், எவ்வுவமையும் முற்றுவமையன்று. இவ்விளக்கம் அவருடைய விரிவுரையில் இடம்பெறவில்லை; கமக்காரரின் வினாவே அதனை வெளிக்கொணர்ந்தது. நெல்லையும் நிலத்தையும் அறிந்தவரின் அனுபவம் பண்டிதரின் கல்வியைத் தொட்டபோது, இருவர்க்கும் சபைக்கும் தெளிவு பிறந்தது. நன்றியுரைக்கு நேரமாயிற்று எனத் தலைவர் மணியை அடித்திருந்தால், அத்தெளிவு அன்று எவர்க்கும் கிட்டியிராது.

மகளிரின் இடம் பற்றியும் இங்குக் கூறுதல் வேண்டும். வாசிகசாலை வாங்கு நெடுங்காலம் ஆடவரின் உடைமையாகவே இருந்தது. கோயிற் பிரசங்க மேடையும் அவ்வாறே. தெல்லிப்பழைத் துர்க்காதேவி தேவஸ்தானத்தை வளர்த்த சிவத்தமிழ்ச் செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி அம்மையார் (1925–2008), ஆசிரியராக இருந்து சமயச் சொற்பொழிவாளராக உயர்ந்து, அம்மேடையில் மகளிர்க்கு மறுக்கவியலாத இடத்தை ஈட்டினார். பல சமயத்து ஆசிரியரையும் வினாவித் தெளிந்தவள் ஒரு பெண் எனப் பழைய காப்பியமே கூறியிருக்க, அவ்விடத்தை மீட்பதற்கு இத்துணைக் காலம் சென்றது.

இடையூறும் இன்றைய நிலையும்

சபைகள் நிலைபெறுவதற்கு நூலும் இடமும் அமைதியும் வேண்டும். யாழ்ப்பாணம் இம்மூன்றையும் இழந்த காலம் உண்டு. 1981ஆம் ஆண்டு மே மாத இறுதி இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஊரைவிட்டு இடம்பெயர்ந்தனர். போர்க்காலத்தில் ஊரடங்கு மாலைநேரத்தை விழுங்கியது. மனத்திற் பட்டதை வெளியே சொல்வதும் அச்சத்துக்குரியதாயிற்று. 2009ஆம் ஆண்டிற் போர் முடிந்த பின்னரும், அவ்வச்சம் பழக்கமாகவே சிலரிடம் தங்கிவிட்டது. வினாவாதிருத்தலே பாதுகாப்பு என ஒரு தலைமுறை கற்றுக்கொண்டது. இது சபை மரபுக்கு நேர்ந்த ஆழமான சேதம். எரிந்த கட்டடத்தைப் போல இதனைக் கண்ணாற் காண இயலாது.

இன்று கூட்டங்களுக்குக் குறைவில்லை. திருவிழாக் காலங்களில் ஒலிபெருக்கி வழியே சொற்பொழிவு ஊர்முழுதும் கேட்கின்றது. பட்டிமன்றமும் பெருகியுள்ளது. குன்றக்குடி அடிகளார் முதலியோர் தமிழ்நாட்டில் பரப்பிய அவ்வடிவம் இலக்கியத்தைப் பாமரரிடம் கொண்டு சென்றது என்பதை மறுக்கலாகாது. ஆயின் தரப்பு முன்கூட்டியே பங்கிடப்பட்டு, பேசுபவர் தாம் நம்பாததையும் சாமர்த்தியமாகச் சாதித்துக் கைதட்டல் பெறும்போது, அது சற்பத்தின் எல்லைக்குட் செல்கின்றது. சபையோரின் பங்கு சிரிப்பும் கரவொலியுமாகச் சுருங்குகின்றது. ஒலிபெருக்கி வந்தபின் பேசுபவரின் குரல் பத்து மடங்கு பெருகியது. கேட்பவரின் குரல் இருந்த இடத்திலேயே இருக்கின்றது.

செய்யத்தக்கன

புதிய மாளிகையோ பெரும் பொருளோ வேண்டாமலே இம்மரபைச் சீர்செய்தல் கூடும். கல்லூரி மாணவர் மன்றங்களிலும் ஊர் வாசிகசாலைகளிலும் பின்வரும் முறைகளைக் கைக்கொள்ளலாம்.

முதலாவது, விரிவுரைக்கு அரைமணி, உரையாடலுக்கு ஒருமணி என நேரத்தைப் பங்கிடுதல். பொருளை ஒரு வாரம் முன்னரே அறிவித்தால், கேட்போரும் ஆயத்தமாக வருவர்.

இரண்டாவது, மறுத்துரைக்க எழுபவர், தாம் மறுக்கும் கருத்தை முதலில் தம் வாயாற் கூறி, அது சரியே எனச் சொன்னவரின் ஒப்புதலைப் பெற்ற பின்னரே மறுக்கத் தொடங்குதல். பரபக்க மரபை ஊர்ச்சபைக்குக் கொண்டுவருதல் இதுவே. வகுப்பில் இம்முறையைக் கையாண்டு பார்த்த ஆசிரியர் அறிவர்: சச்சரவிற் பாதி, எதிரியின் கூற்றைப் பிழையாக விளங்கிக்கொண்டமையால் எழுந்ததென்பது அப்போதே வெளிப்பட்டுவிடும்.

மூன்றாவது, முதல் வினாவை வயதில் இளையவருக்கோ, இதுவரை அச்சபையிற் பேசாதவருக்கோ ஒதுக்குதல். பெரியோர் பேசிய பின்னர் இளையோர் பேசுதல் நம் பண்பாட்டில் அரிது. ஆதலால் ஒழுங்கினாலேயே அவர்க்கு வாய்ப்பளிக்க வேண்டும்.

நான்காவது, விடை காணாத வினாவை ஒரு கொப்பியில் எழுதிவைத்து, அடுத்த கூட்டத்தை அவ்வினாவோடு தொடங்குதல். தெளிவு ஓர் இரவில் வருவதன்று. விடை தெரியாத இடத்தை ஒளியாது குறித்து வைப்பதும் அறிவின் இலக்கணமே.

ஐந்தாவது, அனைவரும் ஒரே தரத்து இருக்கையில் அமர்தல். இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. குடாநாட்டு வரலாற்றை மேலே கண்டோம்.

சமயமும் சமுதாயமும் பற்றிய கேள்விகள் முன்னை நாளினும் இன்று மிகுதி. வெளிநாட்டில் வளரும் பிள்ளைகள் கோயிலில் நடப்பதன் பொருளைக் கேட்கின்றனர். போரில் உறவினரை இழந்தோர், ஊழென்றும் வினையென்றும் நாம் கூறும் விடைக்கு நியாயம் கேட்கின்றனர். சாதியின் பெயரால் இன்னும் சில ஊர்களில் நிகழும் ஒதுக்கலை இளைஞர் கேட்கின்றனர். இவை அடக்கத்தக்க வினாக்களல்ல. மணிமேகலையும் கமக்காரரும் வினாவியது போலவே, உண்மையை அறியும் வேட்கையால் எழுந்தவை.

அவற்றுக்கு இடமளிக்கும் சபையை அமைக்கும் பொறுப்பு, கற்றோராகிய நம்மைச் சார்ந்தது. இவ்விதழை வாசிக்கும் மாணவர் நாளை ஏதோவொரு சபையில் தலைவராக அமர்வர். ஆசிரியரும் பழைய மாணவரும் இன்றே அமர்ந்திருக்கின்றனர். கூட்டத்தின் முடிவில், “ஐயம் உடையவர் கேட்கலாம்” என்று சொல்லி உடனே நன்றியுரைக்குச் செல்லாது, ஒரு கணம் பொறுத்திருப்பாராக. பின்வரிசையிலிருந்து எழத் தயங்கும் ஒருவருக்கு அந்தக் கணம் போதுமானது.